டிபார்ட்மென்ட் வராந்தாவில் பிலிப்பைன்ஸ் தெருத்தீனி: நெல்லைச் சாமான்களே போதும்

அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகமோ பாளையங்கோட்டைக் கல்லூரியோ, எங்கே வேலை பார்த்தாலும் நாலு மணி டீக்கு வடையும் பஜ்ஜியும்தான். ஒரு நாள் மாற்றிப் பாருங்கள். பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் மருத்துவம் படித்துவிட்டு வந்த பிள்ளை யாராவது சொந்தத்தில் இருந்தால் கேளுங்கள், க்வெக் க்வெக், துரோன், பனானா க்யூ என்று அடுக்கிவிடும். பேர்தான் புதுசு, சாமான் எல்லாம் அண்ணாச்சி கடையிலும் மார்க்கெட்டிலும் கிடைப்பவை.

சாஸ் சரியாக இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் எண்ணெய்ப் பலகாரம்தான், அதனால் முந்தின நாளே அதை முடித்துவிடுங்கள். அங்கே தென்னங்கள்ளையும் கரும்புச்சாற்றையும் புளிக்கவைத்த வினிகர் ஊற்றுவார்கள். நம் கடைகளில் இருக்கும் செயற்கை வினிகர் தொண்டையைப் பிடிக்கும், மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீரும் ஒரு சிட்டிகைச் சீனியும் சேர்த்தால் அடங்கும். செங்கோட்டை தாண்டிக் கேரளா போகிறவர்கள் யாராவது தேங்காய் வினிகர் வாங்கி வந்தால் ரொம்ப நல்லது. அதில் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு, உப்பும் மிளகும் சேர்த்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். இன்னொன்று இனிப்பு சாஸ்: ஒரு கப் தண்ணீர், கால் கப் நாட்டுச் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் சோளமாவு, நசுக்கிய பூண்டு, கொஞ்சம் மிளகாய், எல்லாம் கட்டியில்லாமல் கரைத்து, கெட்டியாகும் வரை கிண்டினால் போதும். நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டால் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, எனக்கு அதுதான் பிடிக்கும்.

சட்டி இரண்டு வேண்டும். டிபார்ட்மென்டில் சைவக்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள், அவர்கள் சட்டியில் முட்டை வாடை வரக்கூடாது. அதோடு சீனி போட்ட எண்ணெயில் வேறெதையும் பொரிக்கவும் முடியாது.

சைவச் சட்டியில் முதலில் துரோன். பழுத்தும் கெட்டியாக இருக்கும் மொந்தன் பழத்தை நீளவாக்கில் வெட்டி, சீனியில் புரட்டி, குற்றால சீசன் என்றால் பலாச்சுளைக் கீற்று ஒன்றும் வைத்து, சமோசா ஷீட்டில் இறுக்கிச் சுருட்டிப் பொரியுங்கள். கடைசியில் பனானா க்யூ: தோலுரித்த முழுப்பழத்தைப் பொரிய விட்டு, பாதியில் நாட்டுச் சர்க்கரையைத் தூவிப் புரட்டினால் பாகாகி ஒட்டிக்கொள்ளும். குச்சியில் குத்திக் கொடுங்கள், உடனே கடித்தால் நாக்கு போய்விடும் என்று சொல்லியும் கொடுங்கள்.

இரண்டாவது சட்டியில் க்வெக் க்வெக். ஆரஞ்சு நிறத்தில் ஒரு முட்டை போண்டா, ஆனால் காடை முட்டையில். ஆளுக்கு நாலு கணக்கு வைத்து, நாலு நிமிடம் வேகவைத்து உரியுங்கள். துணியில் ஈரம் போகத் துடைத்து, வெறும் மைதாவில் உருட்டிவிட்டுத்தான் மாவில் முக்க வேண்டும், ஈரமாக இருந்தால் மாவு கழன்று எண்ணெய் தெறிக்கும். மைதாவும் சோளமாவும் கரைத்த மாவுக்கு மஞ்சளும் காஷ்மீரி மிளகாய்த்தூளும் போட்டாலே நிறம் வந்துவிடும், கலர்ப்பொடி வேண்டாம். அதே சட்டியில் அடுத்து மீன் உருண்டை. முள்ளெடுத்த மீனை உப்பு, சோளமாவு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்து உருட்டி, கொதிநீரில் மிதக்கும் வரை வேகவைத்து வீட்டிலிருந்தே கொண்டுவந்தால், இங்கே பொரிக்கிற வேலைதான்.

டிலிமானில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வளாகம் ஈசாவுக்குப் பேர் போனது, கோழிக்குடலைக் குச்சியில் கோத்துக் கரியில் சுடுவது. குடலைப் புரட்டிப் புரட்டிக் கழுவ வேண்டும், ஆபீஸ் நாளில் அது ஆகாது, விட்டுவிடுங்கள். குடிக்க, மேலப்பாளையத்தில் நோன்புக்குச் செய்வார்களே அந்தக் கடல்பாசி ஜெல்லியை வெட்டி, வேகவைத்த ஜவ்வரிசியோடு சர்க்கரைப்பாகில் போட்டு, தண்ணீரும் ஐஸும் சேர்த்தால் அங்கே தெருவில் விற்கிற சாகோ குலமான்தான்.

அடுப்பு வைக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஆடிக்காற்றில் வெளியே ஸ்டவ் நிற்காது, மூன்று பக்கமும் தகரம் வையுங்கள். தட்டுப் போட்டு உட்கார்ந்து பரிமாறவே வேண்டாம், சார், மேடம் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று குச்சியில் குத்தித் தின்னட்டும். கடித்த குச்சியை மறுபடி சாஸில் முக்குவது மட்டும் கூடாது, ஆளுக்கொரு பேப்பர் கப்பில் கரண்டியால் ஊற்றிக் கொடுங்கள். அங்கேயெல்லாம் தின்ற குச்சியை எண்ணித்தான் காசு, இங்கேயும் அப்படியே வசூலித்தால் தகராறு வராது.

பொரித்த எண்ணெயை வைத்துக்கொள்ளாதீர்கள். மீந்த வினிகரைப் பிரிட்ஜில் வைத்து, மறுநாள் பொரித்த கருவாட்டுக்குத் தொட்டுக்கொள்ளலாம், அங்கேயும் கருவாட்டுக்கு அதுதான்.