பழைய டிஜிட்டல் கேமராவை வீட்டில் கழற்றும்போது செய்யக் கூடாதவை

மெரினா மணலில் விழுந்தது அத்தை மகனின் பாக்கெட் கேமரா. எடுத்து ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வந்து கர்ர்ரென்று முனகிவிட்டு நின்றுவிடும். திரையில் 'லென்ஸ் எரர்'. கடையில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வர்றதில்ல சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாமே திறந்து பார்த்தால் என்ன என்று உட்கார்ந்தேன். அன்று செய்த தவறுகளும், அதற்கப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்த தவறுகளும் சேர்ந்ததுதான் இது.

முதல் தவறு, திறக்கத் தேவையே இல்லாத கேமராவைத் திறப்பது. ஆன் ஆகவில்லையா? பேட்டரி மூடியைப் பாருங்கள். பல மாடல்களில் அந்த மூடியின் ஓரத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் முளை இருக்கும். மூடும்போது அது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்தும். முளை உடைந்திருந்தால், மூடி திறந்தே இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா எழுந்திருக்காது. படம் பதிவாகவில்லை என்றால் எஸ்டி கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மணல் சிக்கிய லென்ஸ் என்றால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் புளோயரால் லென்ஸ் குழாய்களின் இடுக்கில் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். எண்ணெய் மட்டும் விடவே கூடாது, அது டபிள்யூடி-40 ஆனாலும் சரி, தையல் மிஷின் எண்ணெய் ஆனாலும் சரி. மெல்ல ஊர்ந்து ஷட்டர் தகடுகளில் படிந்து அவற்றை ஒட்டவைத்துவிடும். மணலையாவது எடுத்துவிடலாம், எண்ணெயை எடுப்பது பெரும்பாடு.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை, திறந்தே ஆக வேண்டும் என்றால், முதலில் பயப்பட வேண்டியது ஃபிளாஷைப் பார்த்துத்தான். பேட்டரி வெறும் 3.7 வோல்ட்தானே என்று பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் ஃபிளாஷ் மின்னுவதற்காக உள்ளே ஒரு கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட்டைச் சேர்த்து வைத்திருக்கும். நம் வீட்டு லைனே 230 தான். இந்தக் கெப்பாசிட்டர் சுண்டுவிரல் நுனி அளவில், கறுப்பாக உருளையாக இருக்கும், மேலே அது தாங்கும் உச்ச அளவாகப் பெரும்பாலும் 330 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் கெப்பாசிட்டரில் உள்ள மின்சாரம் போய்விடாது. நாள் கணக்கில் கூடத் தங்கும்.

அதன் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு, மின்சாரத்தை 'டப்'பென்று இறக்கிவிடுவது பலருக்குப் பழக்கம். பொறி பறக்கும், டிரைவர் முனையில் பள்ளம் விழும், சில நேரம் ஃபிளாஷ் சர்க்யூட்டும் சேர்ந்து போகும். அதற்குப் பதில், மின்சாரத்தைத் தடுத்து மெல்ல இறக்கும் 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி, இரண்டு பக்கமும் இன்சுலேஷன் உள்ள ஒயரைப் பற்றவைத்து, அந்த ஒயர் நுனிகளால் முனைகளைச் சில வினாடி தொட்டுப் பிடியுங்கள். அப்புறம் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை டிசி 600 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் வைத்து, இறங்கிவிட்டதா என்று பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

அடுத்தது ஸ்க்ரூ. ஜப்பானியக் கேமராக்களில் பெரும்பாலும் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர வகைத் தலைதான். பார்வைக்குச் சாதாரண நட்சத்திரத் தலை போலவே இருக்கும், ஆனால் நம்மிடம் இருக்கும் சாதாரண நட்சத்திர டிரைவரான பிலிப்ஸ் அதில் முழுசாக உட்காராது. வழுக்கி வழுக்கித் தலை மழுங்கிப்போனால் அந்த ஸ்க்ரூவோடு மாலை முழுக்கப் போராட வேண்டியதுதான். இன்னொன்று, எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை ஓட்டையில் மாட்டி முறுக்கினால், அது உள்ளே போர்டையோ திரையின் முதுகையோ குத்தும். நான் ஒரு தாளில் கேமராவின் படத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை எடுத்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுவேன். குழிப்பணியாரக் கல்லும் நல்ல யோசனைதான், வீட்டில் திட்டு வாங்கத் தயார் என்றால். இட்லித் தட்டு வேண்டாம், அதில் ஓட்டை இருக்கிறது.

எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தும் மேல்மூடி வரவில்லை என்றால், எல்லாவற்றையும் எடுக்கவில்லை என்று அர்த்தம். யுஎஸ்பி ரப்பர் மூடிக்குள், பேட்டரி அறைக்குள், பிடிமான ரப்பருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். நெம்பாதீர்கள். நெம்பினால் மூடி திடீரென்று விடுபடும், கூடவே உள்ளே திரைக்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிளும் கிழியும். அந்தக் கேபிள் பாலித்தீன் தாள் மாதிரிதான், இழுத்து எடுக்கக் கூடாது. அது நுழையும் கனெக்டரில் கறுப்பாகவோ பழுப்பாகவோ நகக்கண் அளவு தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். நகத்தாலோ மூங்கில் பல்குச்சியாலோ அதைத் தூக்கிவிட்டால் கேபிள் தானாக வழுக்கி வந்துவிடும். தாழ்ப்பாள் இல்லாமல் பட்டன் போல அழுத்தி மாட்டிய வகையும் உண்டு, அதை நேர் மேலாகத் தூக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம்.

படத்தைப் பதிவு செய்யும் சென்சாரைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூக்களை மட்டும் தொடாமல் விடுங்கள். சென்சாரின் சாய்வைக் கம்பெனியில் சரிசெய்திருப்பார்கள்; அரைச் சுற்று மாறினாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கலாகும்.

இனி என் கதை. கெப்பாசிட்டரை ஒழுங்காக இறக்கினேன், மூன்று மணல் துகள்களை ஊசியால் எடுத்தேன், பூட்டினேன், ஆன் செய்தேன். லென்ஸ் அழகாக வந்தது, ஆனால் ஷட்டர் பட்டன் வேலை செய்யவில்லை. அதன் அடியில் இருந்த குட்டி ஸ்பிரிங் மேஜைக்கு அடியில் கிடந்தது. அவசரமாகப் பேட்டரியைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து விரலை விட்டேன். முழங்கை வரை இழுத்துத் தூக்கி எறிந்தது. ஆன் செய்த அந்த அரை நிமிடத்தில் கெப்பாசிட்டர் மறுபடி நிரம்பியிருந்தது. ரெசிஸ்டர் பக்கத்திலேயேதான் இருந்தது.