தென்னங்குருத்தைக் காப்பாற்றும் வழி

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் சமூகத் தோட்டத்துத் தென்னையில் புது மட்டை விரியும்போது, கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டுகள் தெரிந்தால் எனக்குப் பதற்றம் வந்துவிடும். அது காண்டாமிருக வண்டின் வேலை.

குருத்தின் அடியில் துளையும் மென்று தள்ளிய நாரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், நுனி வளைந்த கம்பியால் வண்டை வெளியே இழுங்கள். நிதானம் தேவை, தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான், அது சிதைந்தால் மரமே போய்விடும். பிறகு இரண்டு பங்கு மணலுடன் ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளைக் கலந்து, உள்பக்கத்து மூன்று மட்டைகளின் இடுக்கில் மரத்துக்கு 150 கிராம் வீதம் இடுங்கள். தமிழ்நாட்டில் வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் முறை இது. இங்கே பெய்யும் மழை அதைக் கழுவிவிடும் என்பதால், பெருமழைக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆனால் வண்டு பிறக்குமிடம் உரக்குவியலும் மக்கிய அடிமரமும். அவற்றைக் கிளறி, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்காதவரை மருந்தெல்லாம் பாதி வேலைதான்.

காண்டாமிருக வண்டு விட்ட காயம் ஆறுமுன் வந்துவிடக் காத்திருப்பது சிவப்புக் கூன்வண்டு என்ற இன்னொரு பூச்சி. அங்கேதான் அது முட்டையிடும். தண்டில் துளை விழுந்து சாறு வடிந்தால், உடனே தோட்டப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.