ஹம் சத்தத்துக்குச் சவுண்ட் கார்டு வாங்காதீர்கள்

போன வாரம் அக்கா பையன் போன் செய்தான். செட்டாப் பாக்ஸிலிருந்து கம்ப்யூட்டரில் ஒரு கச்சேரியைப் பதிவு செய்தானாம், முழுக்க ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல், அதாவது ஹம். “புது சவுண்ட் கார்டு ஆர்டர் போட்டுட்டேன் மாமா” என்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் செய்த அதே வேலை. முதலில் அந்த ஆர்டரை கேன்சல் பண்ணு என்றேன்.

ஒயர் லூசா, மியூட்டில் இருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். மற்றபடி நாம் வழக்கமாகச் செய்கிற தப்புகளும் கேட்கிற சத்தங்களும் ஒவ்வொன்றாக இதோ.

மைக் ஓட்டையில் சொருகுவது

டெஸ்க்டாப்பின் பின்னால் பச்சை, நீலம், ரோஸ் என்று மூன்று ஓட்டை இருக்கும். நீலம்தான் லைன்-இன், பாக்ஸின் ஒயர் போக வேண்டியது அங்கேதான். ரோஸ் மைக்குக்கானது, அது எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். செட்டாப் பாக்ஸ் தருவதோ அதைப்போல நூறு மடங்கு. போதாததற்கு மைக் பூஸ்ட் என்ற செட்டிங் வேறு 20, 30 டெசிபல் ஏற்றி வைத்திருக்கும். குரல் கிழியும், இடையில் ஆள் பேசாதபோது உஸ்ஸென்று இரையும். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன்-இன்னே கிடையாது, இருக்கிற ஒரே ஓட்டையும் மோனோ மைக். சிவப்பு, வெள்ளை பின் சொருகுகிற யுஎஸ்பி கேப்சர் (பாக்ஸின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற சின்னக் கருவி) ஒன்று வாங்கிவிடுங்கள். (எச்டிஎம்ஐ-யில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் எச்டிசிபி என்ற காப்பித் தடுப்புப் பூட்டு இருந்தால் கறுப்புத் திரைதான் பதிவாகும். அதனால்தான் இன்னும் இந்த மூன்று கலர் ஒயரைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.)

ஹம் வந்தால் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து டிவி கச்சேரிகளைப் பதிவு செய்தேன். அடியில் மெல்லிசாக ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்தது. தம்புரா என்றே நினைத்துக்கொண்டேன். விளம்பர இடைவேளையிலும் தம்புரா நிற்காதபோதுதான் உறைத்தது. சவுண்ட் கார்டு மாற்றினேன். தங்க முலாம் பூசிய ஒயர் வாங்கினேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டு யுபிஎஸ்ஸும் வாங்கினேன். உறுமல் அப்படியே இருந்தது. கடைசியில் ஒருநாள் கேபிள்காரப் பையன் வந்து பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள் ஒயரைத் திருகிக் கழற்றினான். படம் போயிற்று, என் காதில் இருந்த ஹெட்போனில் உறுமலும் சட்டென்று போயிற்று. அவன் திரும்பச் சொருக, திரும்ப வந்தது. நான் அவனை மூன்று முறை கழற்றி மாட்டச் சொன்னதில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

விஷயம் இதுதான். டெஸ்க்டாப்புக்கு மூணு பின் பிளக், அதனால் வீட்டு எர்த்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. செட்டாப் பாக்ஸின் அடாப்டர் ரெண்டு பின்தான், ஆனால் கேபிள் ஒயரின் வெளிப் பின்னல் தெருவில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரிலோ மொட்டை மாடி டிஷ் கம்பத்திலோ வேறு ஓர் இடத்தில் பூமியைத் தொடுகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். இரண்டையும் நீங்கள் ஆடியோ ஒயரால் இணைத்ததும் அந்த மின்சாரம் ஒயரின் ஷீல்டு, அதாவது வெளிப் பின்னல் வழியாக ஓடுகிறது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளான 100, 150-உம் சேர்ந்து காதில் உறுமலாகக் கேட்கிறது. கிரவுண்ட் லூப் என்பார்கள். சவுண்ட் கார்டை எத்தனை முறை மாற்றினால் என்ன, லூப் வெளியே அல்லவா இருக்கிறது?

கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது நிற்கிறதோ வழி அதுதான். அப்புறம் கம்ப்யூட்டர், டிவி, பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். சில வீடுகளில் இதிலேயே குறையும். குறையாவிட்டால் ஆடியோ ஒயருக்கு நடுவில் போடுகிற கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் வாங்குங்கள், உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான். ரொம்ப மலிவானது மிருதங்கத்தின் தொப்பியைக் கொஞ்சம் மெலிய வைக்கும், பரவாயில்லை. ஆன்டெனா ஒயரில் போடுகிற ஐசோலேட்டரை டிடிஎச் வீட்டில் போடாதீர்கள்: டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்குகிற எல்என்பி-க்கு 13 அல்லது 18 வோல்ட் அந்த ஒயரில்தான் போகிறது, அதை வெட்டினால் சிக்னலே வராது.

இன்னொன்று. எர்த் பின்னை உடைத்தாலோ ரெண்டு பின் கன்வர்ட்டர் போட்டாலோ உறுமல் நிற்கும், உண்மைதான். யாராவது உங்களுக்கும் சொல்வார்கள். செய்யாதீர்கள். அதற்கப்புறம் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும்; உள்ளே ஏதாவது பழுதானால் அந்த இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். வீட்டில் குழந்தை தவழ்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

படத்தோடு சேர்ந்து மாறும் ‘பர்ர்’

திரையில் வெள்ளை எழுத்து வரும்போது இரைச்சல் கூடுகிறதா? அது ஹம் இல்லை. பாக்ஸில் ஒரே 3.5 மி.மீ. ஏவி ஓட்டை இருந்தால் அதற்கான ஒயரின் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய கேமரா ஒயரை எடுத்துச் சொருகினால் வீடியோ சிக்னல் சிவப்பு பின்னில் வந்து நிற்கும். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள், பல சமயம் அவ்வளவுதான் வேலை.

பாக்ஸில் வால்யூமைக் குறைத்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது

தலைகீழாகச் செய்யுங்கள்.

ஸ்பீக்கரை ஓட விட்டபடி பதிவது

ஹெட்போன்.

‘பட் பட்’ வெடிப்பு

இது ஒயர் கோளாறு அல்ல, பெரும்பாலும் யுஎஸ்பி ஹப். கேப்சரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகி, விண்டோஸிலும் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளிலும் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே மாதிரி வையுங்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

பார்த்தேன். 50, 100, 150 என்று ஒவ்வொன்றாக வெட்டி, நாய்ஸ் ரிடக்‌ஷனை இரண்டு முறை ஓட்டியதில் வித்வான் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவது போல் ஆகிவிட்டது. அதைவிடக் கொடுமை, இடம் போதவில்லை என்று ஒரிஜினலை அழித்திருந்தேன்.

அக்கா பையன் எல்லாவற்றையும் ஒரே போர்டுக்கு மாற்றினான். உறுமல் பாதி குறைந்திருக்கிறது. ஐசோலேட்டர் நாளைக்கு வருகிறது. சவுண்ட் கார்டை கேன்சல் செய்வதற்குள் அது வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டதாம்.