இருமினால் சொட்டுகிறதா? ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

கடலூரில் பெண்கள் வார்டு நர்ஸாக வேலை பார்க்கிறேன். மீன் கூடை தூக்கும் அக்காமார்கள் பெரும்பாடு என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். இருமும்போது ஒண்ணுக்குச் சொட்டுவதை மட்டும், கிளம்புகிற நேரத்தில் கதவோரம் நின்று காதோடு சொல்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பெரும்பாலும் பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத் தசைகளால் மூத்திரக்குழாயைத் தாங்க முடியாமல் போவதுதான் காரணம். சரிசெய்ய ஆபரேஷன் உண்டு. ஆனால் எல்லாக் கசிவுக்கும் அது மருந்தில்லை.

முதலில் எந்தக் கசிவு என்று பிரித்துப் பாருங்கள். இருமல், தும்மல், குடம் தூக்குவது என்று வயிறு அழுந்தும்போது கசிந்தால் அழுத்தக் கசிவு. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் போவதற்குள் போய்விட்டால் அது வேறு. அதற்குப் பயிற்சியும் மாத்திரையும்தான். 3 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனது, அளவு போட்ட மக்கில் எத்தனை மில்லி, என்ன செய்யும்போது கசிந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது.

நிறைந்த மூத்திரப்பையோடு இருமச் சொல்லிப் பார்ப்பதுதான் முக்கியமான பரிசோதனை. இதற்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பஸ்ஸில் கசிந்துவிடுமோ என்று பயந்து கடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே போய்விட்டு ஏறுகிறார்கள். அப்படி ஏறினாலும் அங்கே சீட்டுப் போட்டதும் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருங்கள்.

ஆபரேஷனுக்கு முன் 3 மாதம் இடுப்புத் தசைப் பயிற்சி செய்தே ஆக வேண்டும். காற்றை அடக்குவது போல உள்ளே இறுக்கி விட வேண்டும்; வேளைக்கு 8 தடவை, தினம் 3 வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. பலருக்கு இதிலேயே குறைந்துவிடும். இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள்.

அதிகம் செய்வது டேப் ஆபரேஷன். 1990களில் வந்தது. மூத்திரக்குழாய்க்கு அடியில் தூளி மாதிரி ஒரு செயற்கை வலை நாடாவை வைப்பார்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் அந்த நாடா உடம்போடு நிரந்தரமாகத் தங்கும். சிலருக்கு அது பிறப்புறுப்புச் சுவரை அரித்து வெளியே தெரியலாம், தொடையிடுக்கில் வலி நிற்கலாம். இந்தக் கவலையால்தான் இங்கிலாந்தில் 2018-இல் இதை நிறுத்திவைத்தார்கள். செயற்கைப் பொருள் வேண்டாம் என்றால் உங்கள் வயிற்றுச் சவ்விலிருந்தே ஒரு பட்டை எடுத்து வைக்கலாம், அல்லது தையல் போட்டுத் தூக்கிக் கட்டலாம். இவற்றில் தழும்பு பெரிது, ஆறவும் நாளாகும். "எனக்கு எது, ஏன்?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆபரேஷனுக்காக மூத்திரம் போக வைத்த டியூபை எடுத்த பிறகு போகிற முதல் மூத்திரத்தை நாங்கள் அளந்து, மூத்திரப்பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்போம். போகவில்லையென்றால் முக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். சிலருக்குச் சில நாள் டியூப் திரும்பவும் வேண்டியிருக்கும். 6 வாரம் குடம், கூடை, கிரைண்டர் கல் எதையும் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் வேண்டாம். வீட்டுக்காரரையும் மாமியாரையும் டிஸ்சார்ஜுக்கு முன் அழைத்து வந்தால் நானே சொல்லிவிடுவேன். நீங்கள் சொன்னால் எடுபடாது.

காய்ச்சல், மூத்திரம் அடைப்பு, நாற்றமுள்ள வெள்ளை இருந்தால் அன்றே வாருங்கள். மாதங்கள், வருடங்கள் கழித்து ரத்தம் பட்டாலோ, உறவின்போது கணவருக்கு ஏதோ குத்தினாலோ நாடாவைத்தான் சந்தேகப்பட வேண்டும். நாடா வந்த பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டி வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள்.