ஷீட் ஃபிலிமில் கறையா? முதலில் ஓரத்தைப் பாருங்கள்

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது. 4×5 அங்குலக் கறுப்பு வெள்ளை ஷீட் ஃபிலிம், ஒரே ஒரு தாள். கழுவி முடித்து விளக்கில் பிடித்தால், இடது ஓரத்திலிருந்து அம்மாவின் தோள் வரை ஆப்பு வடிவில் ஒரு கருமை நீண்டிருந்தது. டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொணரும் மருந்து, கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தேன். அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே ஆப்பு. மருந்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஃபிலிமை வைத்துக் கேமராவில் செருகும் ஹோல்டரில், அதன் மூடித் தகடான டார்க் ஸ்லைடு நுழையும் வாயில், ஒளியைத் தடுக்கும் பட்டை நசுங்கிப் போயிருந்தது. அன்றிலிருந்து, எந்தக் கறையைக் கண்டாலும் மருந்துப் புட்டியைத் தொடுவதற்கு முன் நெகட்டிவைத்தான் விசாரிக்கிறேன்.

ஃபிலிம் நன்றாக உலர்ந்த பிறகு விசாரணையைத் தொடங்குங்கள். கறை கருப்பா, வெளுப்பா? நெகட்டிவில் கருப்பு என்றால் அங்கே வேண்டாத ஒளி பட்டிருக்கிறது, அல்லது டெவலப்பர் கூடுதலாக வேலை செய்திருக்கிறது. வெளுப்பு என்றால் ஒளியையோ டெவலப்பரையோ ஏதோ ஒன்று மறைத்திருக்கிறது, அல்லது படம் பதியும் பூச்சான எமல்ஷனே பெயர்ந்திருக்கிறது. பிரிண்டில் இது தலைகீழாகும். பிரிண்டில் தெரியும் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் அச்சிடும்போது நெகட்டிவின் மேல் இருந்த தூசிதான். அதற்காக ஃபிலிமைச் சந்தேகிக்க வேண்டாம்.

அடுத்து, நான் மிகவும் நம்பும் சாட்சி: ஃபிலிமின் ஓரம். ஹோல்டரின் காடிக்குள் செருகியிருந்த பகுதியில் படம் பதிவதில்லை. சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தெளிவாக இருக்கும். கருமை அந்த ஓரத்தையும் தாண்டித் தாளின் விளிம்பு வரை போயிருந்தால், ஃபிலிம் ஹோல்டருக்கு வெளியே இருந்தபோது ஒளி பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது இருட்டறைக் கதவின் இடுக்கு, ஃபிலிம் பெட்டியின் மூடி, டேங்க் மூடி, கைபேசி, மின்னும் சார்ஜர் விளக்கு எல்லாவற்றையும் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள்; கண் பழகிய பிறகுதான் இடுக்குகள் தெரியும். கருமை காடிக் கோட்டோடு நின்றிருந்தால் ஹோல்டரையும் கேமராவின் துருத்தியையும் (லென்ஸையும் ஃபிலிம் பக்கத்தையும் இணைக்கும் மடிப்புக் கூடு) சோதியுங்கள். கேமராவுக்குள் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்: படத்தின் அடியில் தெரியும் கசிவு, பெரும்பாலும் கேமராவின் மேல் பக்கத்தில் நுழைந்தது.

எந்த ஹோல்டர் என்று எப்படித் தெரியும்? படத்தின் எல்லையை மறைக்கும் விளிம்பில் சிறு அரத்தால் பள்ளம் போட்டு வைத்திருக்கிறேன். முதல் ஹோல்டருக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு. அந்தப் பள்ளம் நெகட்டிவின் ஓரத்தில் சிறு கரும்பல்லாகப் பதிந்துவிடும். சந்தேகப்பட்ட ஹோல்டரில் ஃபிலிமை வீணாக்க வேண்டாம். ஒரு துண்டு பிரிண்ட் பேப்பரைப் போடுங்கள். லென்ஸை மூடி, ஹோல்டரைக் கேமராவில் செருகி, டார்க் ஸ்லைடை உருவி, சில நிமிடம் வெயிலில் வைத்துவிட்டுக் கழுவுங்கள். கசிவு தன் இடத்தைத் தானே காட்டும். ஸ்லைடை உருவும்போது ஹோல்டரின் மேல் கறுப்புத் துணி போர்த்துவது இப்போது என் வழக்கம்.

சிறிய வெளுத்த புள்ளிகளுக்கு வடிவம்தான் அடையாளம். கச்சிதமான வட்டமாக இருந்தால் காற்றுக் குமிழி: டெவலப்பருக்கு முன் ஓரிரு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, மருந்து ஊற்றியதும் டேங்கை மேசையில் தட்டினால் பெரும்பாலும் தீரும். கோணல்மாணலாகவோ இழை போலவோ இருந்தால் படமெடுக்கும்போது ஃபிலிமின் மேல் இருந்த தூசி; ஹோல்டரைத் தூரிகையால் துடைத்த பிறகே ஃபிலிம் போடுங்கள்.

தட்டில் பல தாள்களை ஒன்றாகப் போட்டுக் கழுவுபவர்களுக்குக் கீறல்தான் பெரிய துயரம். நனைந்த எமல்ஷன் உப்பி மென்மையாக இருக்கும். ஒரு தாளின் மூலை அடுத்ததை எளிதில் உழுதுவிடும். நெகட்டிவைச் சாய்த்து ஒளியைப் பிரதிபலிக்க விட்டால் பள்ளம் தெரியும். நான் ஆறு தாள் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்றாகக் குறைத்தேன், கீறல் நின்றது. பிறை வடிவத் தடம் இருந்தால், ஃபிலிமைப் போடும்போதோ எடுக்கும்போதோ விரல் அழுத்தி மடங்கியிருக்கிறது. அதைத் திருத்த வழி கிடையாது.

வானம் திட்டுத்திட்டாக வந்தால், டெவலப்பரில் வைக்கும் நேரம் 5 நிமிடத்துக்கும் குறைவா என்று பாருங்கள். குறைவென்றால் டெவலப்பரை இன்னும் நீர்க்கச் செய்து நேரத்தை நீட்டுங்கள்.

சில கறைகளைப் பிறகும் போக்கலாம். பால் போன்ற படலம் தெரிந்தால், படத்தை நிலைப்படுத்தும் மருந்தான ஃபிக்ஸர் வேலையை முடிக்கவில்லை. புதிய ஃபிக்ஸரில் மறுபடி போடுங்கள். டியூபில் கழுவிய ஃபிலிமின் முதுகில் இளஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தால், அந்தப் பக்கம் டியூபின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஃபிலிமில் உள்ள சாயம் கரையாமல் நின்றிருக்கிறது; சோடியம் சல்ஃபைட் கரைசலில் சில நிமிடம் அசைத்து நன்றாக அலசினால் போய்விடும். காய்ந்த நீர்த்துளித் தடத்துக்கு மறுபடி ஊறவைத்து அலசுங்கள். சுண்ணாம்புப் பொடி போல் இருந்தால் 2 சதவீத அசெட்டிக் அமிலத்தில் சற்று நேரம் வைத்து, மீண்டும் அலசி, கடைசி முக்கலைக் காய்ச்சி வடித்த நீரில், நீர் துளியாக நிற்காமல் பரவி வடியச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் சில துளி சேர்த்துச் செய்யுங்கள். பிறகு ஒரு மூலையில் கிளிப் போட்டுச் சாய்வாகத் தொங்கவிடுங்கள். தண்ணீர் எதிர் மூலையில் திரண்டு வடிந்துவிடும்.