சின்ன பாத்ரூமுக்கு ஆழமான டப்: கடைக்குப் போகும் முன் தரையில் உட்காருங்கள்

எங்கள் வீடு மயிலாப்பூரில், பழைய ஃப்ளாட். பாத்ரூம் 5க்கு 7 அடி. அதில் கமோட், வாஷ்பேசின், மூலையில் வாஷிங் மெஷின். இதில் டப் வைக்கப் போகிறேன் என்றதும் பிளம்பர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். அவர் மனதில் இருந்தது ஓட்டல் ரூமில் பார்க்கும் 5 அடி நீள டப், கால் நீட்டிப் படுக்கிற வகை. அது நமக்கு வேண்டாம். ஜப்பான்காரர்கள் வீட்டில் வைக்கும் தொட்டி நீளத்தில் குட்டை, ஆழத்தில் கெட்டி. அதில் படுப்பதில்லை, முழங்காலை மடக்கி உட்காருவார்கள், தண்ணீர் தோள் வரை வரும். சின்ன இடத்துக்கு அதுதான் சரி.

எவ்வளவு பெரியது வேண்டும் என்பதை கேட்லாக்கில் தேடாதீர்கள். பாத்ரூம் தரை காய்ந்திருக்கும்போது சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, உங்களுக்கு வசதியாக உட்காருங்கள். பாத விரல் முடியும் இடத்தில் வீட்டில் யாரையாவது சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள், தோள் உயரத்துக்குச் சுவரில் இன்னொரு கோடு. எனக்கு (5 அடி 6 அங்குலம்) நீளம் 37 அங்குலம், தோள் 23 அங்குலம் வந்தது. உள்ளளவு இவ்வளவு இருந்தால் போதும், அதாவது வெளியளவு நாற்பத்திச் சொச்சம் அங்குலத்தில் டப் முடிந்துவிடும்.

கடையில் ஏமாறும் இடம் ஆழம்தான். "24 இன்ச் சார்" என்பார்கள், அது விளிம்பு வரைக்கும். ஓவர்ஃப்ளோ துளை 17 அங்குலத்தில் இருந்தால் தண்ணீரும் அங்கேயே நின்றுவிடும், நெஞ்சுக்குக் கீழே. டேப்பை நீங்களே உள்ளே விட்டு, அடியிலிருந்து அந்தத் துளை வரை அளந்து பாருங்கள். 21, 22 அங்குலம் இல்லையென்றால் அது வெறும் பெரிய பேசின். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை உள்ளே உட்கார்ந்தும் பாருங்கள், கூச்சப்பட்டால் பணம் போகும்.

அப்புறம் கதவு. நம் ஃப்ளாட்களில் பாத்ரூம் கதவு 30 அங்குலம் என்பார்கள், நிலைச்சட்டம் போக வழி 27, 28தான். இதை நான் டப் வந்து இறங்கிய பிறகு கண்டுபிடித்தேன். ஆள் வைத்துக் கதவைக் கழற்றி, டப்பைச் செங்குத்தாகத் திருப்பி, டைல்ஸில் ஒரு மூலை உடைந்து... சரி, விடுங்கள். லிஃப்ட்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

எடைதான் விளையாட்டில்லாத விஷயம். ஆள் உட்கார்ந்த பின் இந்த மாதிரி டப்பில் சுமார் 180 லிட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது 180 கிலோ. ஆள் 70, அக்ரிலிக் டப் 35 என்றால் 285 கிலோ, முக்கால் சதுர மீட்டர் இடத்தில். வீட்டு பாத்ரூம் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. அந்தக் கணக்கு தளம் முழுவதற்கும் என்பதால் உடனே இடிந்து விழும் என்று அர்த்தமில்லை. ஆனால் பழைய கட்டடம், தாழ்த்திப் போட்ட ஸ்லாப், அதில் ஏற்கெனவே செங்கல் ஜல்லி நிரப்பியிருக்கிறது என்றால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வார்ப்பிரும்பு டப்பை மாடி வீட்டுக்காரர்கள் மறந்துவிடலாம். கொத்தனாரை வைத்துச் செங்கல்லில் கட்டி டைல்ஸ் ஒட்டும் தொட்டியும் வேண்டாம் என்பேன்: எடை அதிகம், ஒரு இடுக்கு விட்டால் கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம். எனக்குப் பிடித்தது கண்ணாடி இழை பலம் கொடுத்த அக்ரிலிக், வெள்ளை நிறம். கறுப்பு டப் ஷோரூமில் அழகு, நம் போர் தண்ணீரில் ஒரே மாதத்தில் உப்புக்கோடு கட்டிவிடும். ஜெட் வைத்த மாடலுக்கும் அதே கதி, துளையெல்லாம் உப்பு அடைக்கும்.

வெந்நீர்க் கணக்கு போடாமல் வாங்கியவர்கள்தான் டப்பில் துணி ஊற வைக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, கீசர் 60 டிகிரி என்றால் 25 லிட்டர் கீசரிலிருந்து 40 டிகிரித் தண்ணீர் 65 லிட்டர்தான் கிடைக்கும். 180 லிட்டருக்கு மூன்று தடவை சுட வைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்குள் முதலில் பிடித்தது ஆறிப்போகும். 50 லிட்டர் கீசரும் டப்புக்கு ஒரு மூடியும் இருந்தால் சமாளிக்கலாம். வாட்டர் ஹீட்டர் கம்பியை அக்ரிலிக் டப்பில் போட மட்டும் போடாதீர்கள், டப் உருகும், ஷாக் அடித்தால் ஆளே போய்விடும்.

ஆனால் ஒன்று, வெந்நீர் நமக்கு மார்கழி, தை இரண்டு மாதச் சமாச்சாரம். சித்திரை வெயிலில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் பகலில் தானாகவே கொதிக்கும், அதை இரவில் பிடித்து வைத்து, ஆறிய பின் விடியற்காலையில் உட்கார்ந்து பாருங்கள், அதற்காகவே டப் வாங்கலாம்.

தண்ணீர் வீணாகாதா என்று கேட்பீர்கள். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது, கேட்கத்தான் வேண்டும். வெளியே சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, அதன் பிறகு டப்பில் இறங்குவது ஜப்பான்காரர் வழக்கம். சோப்பு கலக்காத தண்ணீர் என்பதால் வீட்டில் அடுத்தவரும் இறங்கலாம், கடைசியில் கமோட்டுக்கும் தரை துடைக்கவும் வாளியில் மொண்டுகொள்ளலாம். மிச்சத்தைத் திறந்துவிடும்போது தரையில் தண்ணீர் வடியும் குழி, அதாவது நஹானி ட்ராப், அத்தனையையும் ஒரேயடியாக வாங்காது, பாத்ரூம் குளமாகிவிடும். டப்பிலிருந்து 40 எம்எம் பைப் தனியாக இழுக்கச் சொல்லுங்கள், அந்த பைப்பின் ட்ராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பும் விடச் சொல்லுங்கள்.

விளிம்பு 25 அங்குலம் என்பது முழங்காலுக்கு மேல். வயதானவர்கள் இருந்தால் வழுக்காத படியும் சுவரில் கைப்பிடியும் கட்டாயம். பிரஷர் இருப்பவர்கள் வெந்நீரில் உட்காரும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

டப் வைப்பதற்கு முன் தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். அந்த இரண்டு நாளும் கீழ்வீட்டுக்குப் போய் அவர்கள் பாத்ரூம் சீலிங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள், போகும்போது கையில் கொஞ்சம் முறுக்கோடு.