செம்மண், மணல், களிமண்: டெல்டாவில் டூயல் ஸ்போர்ட் வண்டி ஓட்டப் பழகும் முறை

மலையே இல்லாத டெல்டாவில் டிரெயில் ரைடிங், அதாவது மண்பாதையில் வண்டி ஓட்டுவது, செய்ய என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. வல்லம் பக்கம் செம்மண், கொள்ளிடக் கரையோரம் மணல், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் களிமண், வேதாரண்யம் போனால் உவர் மண்ணும் உப்புக் காற்றும். காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும் தூரத்தில் இத்தனை வகைத் தரை கிடைப்பது புதிதாகப் பழகுபவருக்குப் பெரிய வசதி. இந்த வரிசையிலேயே பழகுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மண் மாறினால் ஓட்டும் முறை மாறும். வண்டியில் எது தேயும், எது அடைத்துக்கொள்ளும் என்பதும் மாறும். அதனால் ஓட்டுவது ஒரு பாடம், பராமரிப்பு வேறொரு பாடம் என்று பிரிக்காமல், மண்வாரியாகவே எழுதியிருக்கிறேன்.

வண்டியும் உடுப்பும்

நம்பர் பிளேட், விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் இருந்து, தார் ரோட்டில் சட்டப்படி ஓடி, மண்ணிலும் இறங்கக்கூடியதுதான் டூயல் ஸ்போர்ட். ஆரம்பிப்பவருக்கு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போதும். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18, கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மி.மீ., எடை 160 கிலோவுக்குள். ஹிமாலயன் 411 நீண்ட பயணத்துக்கு அருமையான வண்டிதான், ஆனால் ஏறக்குறைய 200 கிலோ. சேற்றில் சாய்ந்தால் தனி ஆளாகத் தூக்குவது பெரும்பாடு. முதல் வருடத்தில் வண்டியைத் தூக்குகிற வேலை கட்டாயம் வரும் என்பதால், என் தேர்வு எப்போதும் எடை குறைந்த வண்டிதான்.

ஹெல்மெட், கையுறை, முழங்கால் கார்டு, கணுக்காலை மூடும் கெட்டியான ஷூ. இந்த நான்கும் இல்லாமல் மண்ணில் இறங்க வேண்டாம். வண்டி சாயும்போது கால் அடியில் மாட்டினால் முதலில் அடிபடுவது கணுக்கால். அதோடு, வரப்பிலும் வைக்கோல் போரடியிலும் கண்ணாடி விரியன் கிடக்கும் ஊர் இது. செருப்பில் இறங்கி நடக்கிற இடமில்லை.

எந்த மாதம் இறங்கலாம்

வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கும், ஜனவரி 28 அன்று மூடும். நம் நாட்காட்டியும் இதுதான். சம்பா, தாளடி அறுவடை முடிந்து வாய்க்கால்கள் வற்றிய பிறகு, மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரை தரை இறுகியிருக்கும். பழகுவதற்கு ஏற்ற காலம் அதுவே. தண்ணீர் வந்துவிட்டால் நடவு வேலை தொடங்கும், சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் மண்பாதையைக் கிளறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் தார் ரோட்டோடு நிறுத்திக்கொண்டு வண்டி வேலையைப் பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயல் காலி வயல் இல்லை. கதிர் நிற்கும்போதே உளுந்தும் பயறும் விதைத்துவிடுவார்கள். தாளுக்கு நடுவே இரண்டு இலையோடு முளைத்து நிற்பது வண்டியில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. வயலுக்குள் ஒருபோதும் இறங்காதீர்கள், வரப்பில் ஏறாதீர்கள். வண்டிப்பாதை, களத்துக்குப் போகும் தடம், ஊர்க்காரர்கள் டூவீலரில் போய்வரும் கரைப்பாதை, இவை மட்டுமே நம்முடையவை. அதிலும் ஆள் தென்பட்டால் எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "அண்ணே, இந்தக் கரையில வண்டி போகலாமா?" என்று கேளுங்கள். பாதையும் சொல்வார்கள், எந்த மதகு உடைந்து கிடக்கிறது என்றும் சொல்வார்கள். ரோட்டில் நெல் காய்ந்தால் ஓரமாக மெதுவாகப் போங்கள். தார் மேல் பரப்பிய நெல்லில் பிரேக் பிடித்தால் டயருக்குப் பிடிமானமே இருக்காது.

முதலில் செம்மண்

வல்லத்திலிருந்து கந்தர்வகோட்டை போகும் பக்கம் முந்திரியும் தைலமரமுமாக மேட்டு நிலம். சரளை கலந்த செம்மண் பாதைகள் அகலமாக, பார்வைக்குத் தடையில்லாமல் கிடக்கும். இங்கே மூன்று விஷயங்களைப் பழகினால் போதும்.

முதலாவது, நின்று ஓட்டுவது. பாதத்தின் முன்பகுதியை ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி எழுந்து நில்லுங்கள். முழங்காலால் டேங்கை லேசாக அணைத்துக்கொள்ளுங்கள், முழங்கையை வெளிப்பக்கம் மடித்து வையுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கக் கூடாது. உடல் எடை முழுவதும் காலில் இருக்க வேண்டும். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது உங்கள் முழங்கால் மடங்கி நிமிர்ந்து அதை வாங்கிக்கொள்ளும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. பதினைந்து இருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

இரண்டாவது, பிரேக். ஆள் நடமாட்டமில்லாத நேரான பாதையில் 20 கி.மீ. வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்து, சக்கரம் எப்போது இழுத்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். பிறகு முன் பிரேக்கை ஒரே ஒரு விரலால், மெதுவாகக் கூட்டிப் பிடித்துப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.-ல் மோடு மாற்றும் வசதி உள்ள வண்டியென்றால், மோடு மாற்றினால் நிற்கும் தூரம் எப்படி மாறுகிறது என்றும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, திருப்பம். தார் ரோட்டில் வண்டியோடு சேர்ந்து சாய்வோம். மண்ணில் வண்டியை மட்டும் சாய்த்து, உடலை நிமிர்த்தி, வெளிப்பக்கக் கால் மீது எடையைப் போட வேண்டும். எட்டுப் போட்டுப் பழகுங்கள்.

டயர் காற்றைக் குறைப்பதும் இங்கே தொடங்குகிறது. டியூப் டயருக்கு 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை வைக்கலாம். அதற்கும் கீழே போனால் கல்லில் அடித்து ரிம் நெளியும், டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும். வால்வு அடியில் இருக்கும் நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே ஏற்றி மூடியோடு சேர்த்து வையுங்கள். டயர் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நட்டு ரிம்மோடு இறுகியிருந்தால் வால்வு அப்படியே பிய்த்துக்கொண்டு வரும். திரும்பும்போது காற்றடிக்க ஒரு சின்னப் பம்ப் கட்டாயம்.

செம்மண் தின்பது ஏர் ஃபில்டரை. ஸ்பாஞ்ச் ஃபில்டராக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் போடலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மேனுவலில் சொன்ன கிலோமீட்டர் தார் ரோட்டுக்கானது. கோடையில் மண்ணில் ஓட்டுபவர் அதில் பாதி ஓடியதும் திறந்து பார்ப்பது நல்லது.

அடுத்து மணல்

திருவையாறு தொடங்கி அணைக்கரை வரை கொள்ளிடக் கரையை ஒட்டி மணல் பாதைகள் உண்டு. கரையோடு நில்லுங்கள், ஆற்றுக்குள் வேண்டாம். மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் தேங்கி, மேலே பார்க்க முழங்கால் ஆழம்போல் தெரியும்; உள்ளே ஆளை முழுங்கும் ஆழம் இருக்கும். முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் தண்ணீர் திறந்தால் காய்ந்த படுகையும் சீக்கிரம் நிறைந்துவிடும்.

மணலில் பயந்து வேகத்தைக் குறைத்தால் முன் சக்கரம் புதையும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில், இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்துப் போங்கள். ஹேண்டில் இடமும் வலமும் ஆடும், ஆடட்டும். இறுக்கிப் பிடித்தால்தான் விழுவீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் முன் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை விட்டாலே போதும், மணல் நிறுத்திவிடும். பின் சக்கரம் புதைந்துவிட்டதா, ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். எஞ்சினை அணைத்து, வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, குழியைக் காலால் மூடிவிட்டு நிமிர்த்துங்கள். அப்புறம் முதல் கியரில் கூடவே நடந்து தள்ளி வெளியே வந்துவிடலாம்.

தூக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். கியரில் போடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டிலும் மறு கையில் பின்பக்கக் கம்பியுமாகப் பிடித்து, காலால் பின்னோக்கி உந்தி எழுந்திருங்கள். குனிந்து இடுப்பால் இழுத்தால் அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது.

மணல் தின்பது செயினையும் பிரேக் பேடையும். கிளம்பும் முன் செயினில் ஆயில் ஊற்றுவது பலருக்குப் பழக்கம். அந்த ஈர ஆயிலில் மணல் ஒட்டி, செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் அரம்போல் ராவிவிடும். திரும்பி வந்த பிறகு, செயின் சூடாக இருக்கும்போதே ஆயில் போட்டு, ஊறவிட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கடைசியாகக் களிமண்

இதுதான் உண்மையான டெல்டா. காய்ந்த களிமண் பாதை சிமெண்ட்டுபோல் இருக்கும். ஒரு மழை பெய்தால் அதே பாதையில் நடக்கவே முடியாது. போவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் திரித்துப் பாருங்கள். உதிர்ந்தால் போகலாம். கயிறாகத் திரிந்து வந்தால் திரும்பிவிடுங்கள். இது பயந்து சொல்வது இல்லை. ஈரமான வாய்க்கால் கரையில் டயர் தடம் விழுந்தால், அடுத்த மழைத் தண்ணீர் அந்தத் தடத்தில் நின்று கரையை இளக்கும். கரை உடைந்தால் மூழ்குவது கீழே இருக்கிறவருடைய பயிர். நம் ஒரு நாள் சந்தோஷத்துக்காக அதைச் செய்ய நமக்கு உரிமை இல்லை.

ஈரமான துண்டுப் பாதை வழியில் குறுக்கிட்டால் எப்படிக் கடப்பது? இரண்டாவது கியர், சீரான ஆக்ஸிலேட்டர், கிளட்ச் மேல் ஒரு விரல். டயரின் பள்ளங்களில் களி நிரம்பிவிட்டால் அது மொட்டை டயர்தான். அந்த நேரத்தில் திடீரென்று எதையும் செய்யக் கூடாது. திடீர் பிரேக், திடீர் திருப்பம், திடீர் வேகம் மூன்றும் கீழே தள்ளும். டிராக்டர் தடத்துக்குள் இறங்கிவிட்டால் அதே தடத்தில் தொடருங்கள். தடத்தின் சுவரில் சாய்வாக ஏறப் பார்த்தால் முன் சக்கரம் வழுக்கி விழுவோம். கண் தடத்தின் மறுமுனையில் இருந்தால் சக்கரம் தானாகவே அதற்குள் ஓடும்.

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி சேர்ந்து இறுகிச் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடுவதும் உண்டு. எக்ஸ்பல்ஸில் முன் மட்கார்டு உயரமாக இருப்பதால் முன்னால் இந்தத் தொல்லை குறைவு. ஹிமாலயன் 411-ல் டயரை ஒட்டியே கீழ் மட்கார்டு ஒன்று இருக்கிறது, அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பையில் ஒரு மூங்கில் குச்சி வைத்திருங்கள். அவ்வப்போது நிறுத்திக் குத்தி எடுங்கள். கிளட்ச் கருகும் வாசனை வந்தால் பத்து நிமிடம் நிழலில் நிறுத்துங்கள். ஆயில் கூலரின் இடுக்குகளில் களி அப்பியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள், எஞ்சின் சூடேறுவதற்கு அதுவும் காரணம். வைக்கோல் சைலன்சரில் சிக்கியிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், தீப்பிடிக்கும்.

அன்று மாலையே கழுவுங்கள்

களிமண் காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க முடியும், சுரண்டினால் சீல் போகும். எஞ்சின் ஆறட்டும். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, முதலில் வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி ஊறவையுங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்: சக்கர பேரிங், ஹேண்டில் பேரிங், ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன் குழாய்) சீல், செயின், கூலர் ஆகியவற்றில் பிரஷர் கன்னை நேராகக் காட்டக் கூடாது. அழுத்தமாக அடிக்கும் தண்ணீர் சீலைத் தாண்டிப் போய் கிரீஸைக் கழுவிவிடும்.

கழுவியதும் செயின். மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினில் கம்பி பிரஷ்ஷும் பெட்ரோலும் வேண்டாம், ரப்பர் கெட்டுப்போகும். துடைத்துக் காயவைத்து 90 கியர் ஆயில் போடுங்கள். தொய்வு எவ்வளவு என்பது ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். இந்த வகை வண்டிகளில் சஸ்பென்ஷன் நிறைய இறங்கி ஏறும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிகவும் இழுபடும். அதனால் சொன்ன அளவைவிட இறுக்கமாக ஒருபோதும் வைக்காதீர்கள்.

பிறகு ஒரு ஸ்பேனரால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகிய ஸ்போக் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். மந்தமாகக் கேட்டதைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். நிறைய தளர்ந்திருந்தால் கோட்டம் எடுப்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. ஃபோர்க் குழாயில் ஆயில் கசிந்தால் சீல் போய்விட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். பழைய ஃபிலிம் சுருளில் ஒரு துண்டு வெட்டி சீலுக்குள் நுழைத்துச் சுற்றிவர இழுங்கள். உள்ளே மாட்டிய மண் வந்துவிட்டால் பல நேரம் கசிவும் நின்றுவிடும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போனால்

வாய்க்காலில் விழுந்து எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். வண்டியைக் கரையேற்றி, ஏர் பாக்ஸைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பிளக்கைக் கழற்றி, கில் ஸ்விட்சை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால் உள்ளே இருப்பது பிளக் ஓட்டை வழியாக வெளியேறும். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து ஆயிலை மாற்றுங்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறம் தெளியவில்லையென்றால் மறுபடியும் மாற்றுங்கள்.

கடலோரம் போனால்

கோடியக்கரை சரணாலயத்துக்குள் அனுமதித்த ரோட்டைவிட்டு இறங்காதீர்கள். அது வெளிமான்களின் இடம். வேதாரண்யம் உப்பளப் பாத்திகளின் கரைகளும் ஒருவருடைய தொழில் இடம்தான். மற்ற மண்பாதைகளில் தாராளமாகச் சுற்றலாம், ஆனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. ஊர் திரும்பிக் கழுவுங்கள். ஸ்போக் நிப்பிள்களைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள், டிஸ்க்கில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மூடுங்கள்.